பேட்டரிக்கும் வேண்டும் பத்தியம்

மின்சார காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே போகிறது. அது எட்டு வருடம் உழைக்குமா, பதினைந்து வருடம் உழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது தயாரித்த கம்பெனி மட்டுமல்ல. தினமும் பிளக்கைச் செருகும் கையும்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆறாலும்மூடு. கேரள அரசின் ஆட்டோ தொழிற்சாலையான கேரளா ஆட்டோமொபைல்ஸ் 1978-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். பல ஆண்டுகள் டீசல் ஆட்டோக்களைத் தயாரித்த இந்தத் தொழிற்சாலையிலிருந்து 2019-ல் 'நீம்-ஜி' என்ற மின்சார ஆட்டோ வெளிவந்தது. ஒரு முறை சார்ஜ் செய்ய சுமார் நான்கு மணி நேரம். செய்துவிட்டால் 100 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சில வண்டிகள் நேபாளத்துக்கும் போயின.

அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் வந்தால் உதியன்குளங்கரை. உள்ளே திரும்பினால் செங்கல் கிராமம். 111.2 அடி உயர சிவலிங்கம் கொண்ட மகேஸ்வரம் கோயிலால் வெளியூரிலும் பெயர் தெரிந்த ஊர். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டது அரசாங்கம். உறவும் வேலையும் சந்தையும் இன்றும் கோட்டின் இரு பக்கமும்தான்.

இப்படிப்பட்ட வட்டாரத்துக்கு மின்சார கார் பொருத்தமான வாகனம். வேலை திருவனந்தபுரத்தில், கல்யாணம் மார்த்தாண்டத்தில், துணி எடுப்பது நாகர்கோவிலில் என்றாலும் எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 2023-ல் கேரளத்தில் பதிவான புதிய வாகனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று மின்சார வாகனம். ஆனால் வாங்க நினைப்பவர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று: "பேட்டரி போய்விட்டால்?"

நியாயமான பயம்தான். காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை பேட்டரிக்கே ஆகிறது. பேட்டரி விலை உலகச் சந்தையில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்திருந்தாலும், உத்தரவாத காலம் முடிந்தபின் மாற்ற நேர்ந்தால் செலவு லட்சங்களில்தான். எல்லைக் கிராமத்தில் கூட்டுறவு வங்கிக் கடனில் கார் வாங்கிய குடும்பத்துக்கு அது இரண்டாவது கடன். அந்தக் கடனைத் தவிர்க்கவோ, பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ முடியும். அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய பழக்கங்கள் சிலவற்றை விட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பாடம் பலிக்காது

மின்சார காரைத் தினமும் நூறு சதவிகிதம் ஏற்றி வைப்பவர்களும், முழுக்கக் காலியான பிறகே சார்ஜில் போடுபவர்களும் உண்டு. இரண்டு பழக்கத்துக்கும் வேர், முன்பு வேறு ஏதோ ஒரு பேட்டரி கற்றுக்கொடுத்த பாடத்தில் இருக்கிறது.

முதல் பாடத்தைச் சொன்னது இன்வெர்ட்டர் பேட்டரி. ஈயமும் அமிலமும் கொண்ட அந்த ரகத்தை எப்போதும் நிறைவாகவே வைத்திருக்க வேண்டும். பாதி சார்ஜில் நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. 2001-ல் பெங்களூரிலிருந்து வெளிவந்த இந்தியாவின் 'ரேவா' மின்சார கார் தொடக்கத்தில் ஓடியதும் இந்த ஈய-அமில பேட்டரியில்தான். வட இந்திய நகரங்களின் இ-ரிக்‌ஷாக்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். இவற்றுக்கு 'தினமும் முழுசா ஏற்று' என்பது சரியான அறிவுரை.

இரண்டாவது பாடம் 1990-களின் கம்பியில்லா போன்களும் கேசட் பிளேயர்களும் சொன்னது. அவற்றிலிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கு ஒரு வினோத குணம்: பாதியில் நிறுத்திப் பாதியில் ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியையே தன் முழுக் கொள்ளளவாக 'ஞாபகம்' வைத்துக்கொள்ளும். எனவே அவ்வப்போது காலியாகும்வரை ஓட்டி, பிறகு ஏற்றச் சொன்னார்கள்.

இன்றைய மின்சார கார்களில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. அதற்குச் சல்பேட்டும் இல்லை. அந்த ஞாபகமும் இல்லை. அதற்கு ஆகாதவை இரண்டு: வயிறு புடைக்கத் தின்றுவிட்டுச் சும்மா கிடப்பது, பட்டினி கிடப்பது. நாட்டு வைத்தியர் சொல்லும் பத்தியம் போலத்தான், அளவோடு அடிக்கடி. இந்த மாற்றம் புரியாமல் இன்வெர்ட்டர் பாடத்தைக் காருக்கும் பயன்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

உள்ளே நடப்பது என்ன?

லித்தியம் பேட்டரிக்குள் இரு முனைகள். ஒன்று கிராஃபைட், மற்றது லித்தியம் கலந்த ஓர் உலோகக் கூட்டுப்பொருள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. ஜப்பானின் அகிரா யோஷினோ 1985-ல் இந்த அமைப்பை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவருக்கும், அவருக்கு முன்னால் வழிபோட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஆகியோருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் போக்குவரத்தில் தேய்மானம் தவிர்க்க முடியாதது. முதல் நாளிலிருந்தே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது வேண்டிய படலம்தான். திரவம் சிதையாமல் காப்பதே அதுதான். ஆனால் அது தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்கும். விழுங்கிய லித்தியம் திரும்ப வராது. கார் ஓடாமல் நின்றாலும் இது நடக்கிறது. இதை வயதால் வரும் தேய்வு எனலாம். ஓடும்போது ஏறி இறங்குவதால் வருவது உழைப்பால் வரும் தேய்வு.

இரண்டையும் வேகப்படுத்துபவை எவை? முதலில் வெப்பம். அடுத்து உயர்ந்த மின்னழுத்தம், அதாவது நிறைவான சார்ஜ். நூறு சதவிகிதத்தில் ஒவ்வொரு செல்லும் தன் உச்ச மின்னழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் திரவம் எளிதில் சிதையும். உலோக முனையின் அடுக்குகளும் நெருக்கடிக்கு ஆளாகும். ஒரு மணி நேரம் அப்படி நின்றால் ஒன்றுமில்லை. இரவு முழுவதும், வருடத்தில் முந்நூறு நாள் என்றால் கணக்கு கூடுகிறது. மறுபக்கம், முழுக்கக் காலியான நிலையில் வாரக்கணக்கில் விட்டால் மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே சரிந்து, செல்லுக்குள் இருக்கும் தாமிரத் தகடே கரையத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது.

கார் கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் பேட்டரியின் மேலும் கீழும் ஓட்டுபவர் தொட முடியாதபடி ஒரு பங்கைப் பூட்டி வைக்கிறார்கள். ஓரிரு முறை நூறுக்கு ஏற்றினாலோ ஐந்துக்கு இறங்கினாலோ பேட்டரி பாழாகிவிடாது. கெடுப்பது ஒரு நாள் தவறு அல்ல, பழக்கம்.

ஐம்பது கிலோமீட்டர் கணக்கு

செங்கல்லிலிருந்து திருவனந்தபுரம் நகருக்கு சுமார் 25 கிலோமீட்டர். போய்வர ஐம்பது. முப்பது யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி கொண்ட கார் நம் சாலையில் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் அலுவலகப் பயணத்துக்கு எட்டு யூனிட் போதும். அதாவது பேட்டரியின் கால் பங்குக்குச் சற்று மேல்.

காலையில் எண்பது சதவிகிதத்தில் கிளம்பினால் மாலையில் ஐம்பதைத் தாண்டிய அளவில் வீடு திரும்பலாம். வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் வரை ஏற்றலாம். வழியில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து மீட்டரில் ஒன்பது யூனிட் ஓடும். மூன்று மணி நேரத்தில் பழையபடி எண்பது. நூறு வேண்டிய அவசியமே வரவில்லை. கன்னியாகுமரிக்கோ கொச்சிக்கோ போகும் நாளில் மட்டும், கிளம்புவதற்குச் சற்று முன்னால் நிறையும்படி நேரம் வைத்து ஏற்றினால் போதும். நிறைந்த பேட்டரி நிற்காமல் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கஷ்டமில்லை.

பெரும்பாலான கார்களில் எண்பதில் நிறுத்தும் வசதி திரையிலோ செல்போன் செயலியிலோ இருக்கிறது. இல்லாத கார்களில் மேலே செய்ததுபோல் மணிக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

'இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்' என்ற இந்த விதியைத் தாரக மந்திரமாகப் பிடித்துக்கொண்டு தவிக்கவும் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, ஒரேயடியாகக் காலியாக்கி ஏற்றுவதைவிட நல்லது. எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கி ஏறுவதை பேட்டரி ஒரு முழுச் சுற்றாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றில் ஒரு சுற்றுக்கும் குறைவுதான்.

இரண்டு ஜாதி, இரண்டு பத்தியம்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மின்சார கார்களில் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் இரண்டு ரகம். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது ஒன்று: என்.எம்.சி. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டது மற்றது: எல்.எஃப்.பி. முதல் ரகம் குறைந்த எடையில் அதிக தூரம் தரும். இரண்டாவது ரகம் எடை கூடியது. ஆனால் சூட்டை அதிகம் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், விலையும் குறைவு. இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் எல்.எஃப்.பி. ரகம் ஏராளம்.

என்.எம்.சி. பேட்டரிக்கு எண்பது சதவிகித விதி நேரடியாகப் பொருந்தும். எல்.எஃப்.பி.-யில் வேறு ஒரு தொந்தரவு. அதன் மின்னழுத்தம் இருபது சதவிகிதத்திலும் எண்பதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்தில் தெரியுமே, அப்படி இதில் தட்டிப் பார்க்க முடியாது. காரின் கம்ப்யூட்டர் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் மீதியைச் சொல்கிறது. அந்தக் கணக்கு நாளாக ஆகப் பிசகும். முழுக்க ஏறியபின்தான் கணக்கு நேராகும். அதனால்தான் எல்.எஃப்.பி. கார்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது நூறு வரை ஏற்றும்படி டெஸ்லா போன்ற கம்பெனிகள் சொல்கின்றன. அப்படிச் செய்யாதவர்களின் காரில் இருபது சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்த முள் திடீரென்று ஐந்துக்கு விழுவதும் உண்டு.

இதிலிருந்து 'எல்.எஃப்.பி.-க்கு நூறுதான் நல்லது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் தலைமையிலான பேட்டரி ஆய்வுக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வு, எல்.எஃப்.பி. செல்களும் உயர்ந்த சார்ஜ் நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் விரைவாகத் தேய்கின்றன என்று காட்டியது. வாரத்துக்கு ஒரு முறை நூறு என்பது கணக்கைச் சரிசெய்ய. பேட்டரியின் சுகத்துக்காக அல்ல. எந்த ரகம், எத்தனை நாளுக்கு ஒரு முறை நிறைக்க வேண்டும் என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். கார் வாங்கிய அன்று டேஷ்போர்டுக்குள் போய், பிறகு வெளியே வராத அந்தப் புத்தகத்தைப் படிக்க இது ஒரு நல்ல காரணம்.

வெயில்தான் வில்லன்

வேதியியலில் ஒரு பொது விதி: வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். பேட்டரியின் உள்ளே நடக்கும் வேண்டாத வினைகளும் அப்படியே. இதை உலகம் கண்கூடாகப் பார்த்தது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில். பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாத நிஸான் லீஃப் கார்களின் கொள்ளளவு ஓரிரு ஆண்டுகளிலேயே வேகமாகக் குறைவதாக ஃபீனிக்ஸ் நகரப் பாலைவன வெயிலில் ஓட்டியவர்கள் 2012-ல் புகார் செய்தார்கள். அந்த கம்பெனி பிறகு பேட்டரியின் கொள்ளளவுக்கே உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது.

நெய்யாற்றின்கரை ஃபீனிக்ஸ் அல்ல. கடற்கரை அருகில், ஆண்டில் பெரும்பகுதி ரப்பர் மர நிழலும் மழையும். இன்றைய கார்கள் பலவற்றில் பேட்டரியைச் சுற்றிக் குளிர் திரவம் ஓடுகிறது. ஆனாலும் மார்ச், ஏப்ரல் வெயிலில் தார்ச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் கார் சூடேறத்தான் செய்யும். நூறு சதவிகிதம் நிறைத்து உச்சி வெயிலில் நிறுத்துவது பேட்டரிக்குச் செய்யும் இரட்டைக் கெடுதல். நிழல் இருந்தால் நிழல். இல்லையென்றால் கொஞ்சம் குறைந்த சார்ஜ். நெடுந்தூரம் ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் செருகாமல் அரை மணி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றினால் இன்னும் நல்லது.

வேகத்துக்கு ஒரு விலை

நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கும் வேக சார்ஜர்கள் வீட்டு பிளக்கைப்போல் பத்து, இருபது மடங்கு வேகத்தில் ஏற்றுகின்றன. ஒரு டீயும் பழம்பொரியும் முடிப்பதற்குள் கணிசமாக ஏறிவிடும். ஆனால் அயனிகளை அவ்வளவு அவசரமாகத் தள்ளினால் எல்லாவற்றுக்கும் கிராஃபைட்டுக்குள் இடம் கிடைக்காது. உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. பேட்டரி நிறைய நிறைய இடம் குறைவதால், எண்பதுக்கு மேல் சார்ஜரே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தியேட்டரில் கடைசி நாற்காலிகள் நிரம்ப நேரமாகும் இல்லையா, அதே கதை. வேக சார்ஜரில் எண்பதிலிருந்து நூறுக்கு ஏற்றக் காத்திருப்பது நேரமும் பணமும் வீண். வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் தொந்தரவு.

அதற்காக வேக சார்ஜரைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். ஜியோடேப் என்ற வாகனத் தகவல் நிறுவனம் 2024-ல் சுமார் ஐயாயிரம் மின்சார வாகனங்களின் விவரங்களை அலசி, பேட்டரிகள் சராசரியாக ஆண்டுக்கு 1.8 சதவிகிதம் கொள்ளளவை இழக்கின்றன என்று கண்டது. இந்தக் கணக்கில் பத்து ஆண்டு கழித்தும் எண்பது சதவிகிதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 92 செல்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதித்து 2024 டிசம்பரில் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. சோதனைக்கூடத்தில் ஒரே சீராக மின்சாரத்தை எடுப்பதைவிட, நிஜ சாலைபோல் நின்றும் ஓடியும், ஏறியும் இறங்கியும் எடுத்தால் செல்கள் 38 சதவிகிதம் வரை கூடுதலாக உழைத்தன. பாறசாலை சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு இது ஆறுதல்.

வேக சார்ஜர் பயணத்துக்கு. வீட்டு பிளக் அன்றாடத்துக்கு. ஓட்டல் சாப்பாடும் வீட்டுச் சாப்பாடும் போல.

மாலை ஆறு மணியைத் தவிர்க்க

பேட்டரிக்கு நல்லது எப்போது ஏற்றுவது என்ற கேள்வியில் மின்வாரியத்துக்கும் பங்கு இருக்கிறது. 2024 கோடையில் கேரளத்தின் மின்தேவை வரலாறு காணாத அளவுக்கு, 5,700 மெகாவாட்டுக்கு மேல் போனது. வழக்கமாக விளக்கு வைக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கும் தேவை, ஏ.சி.-யாலும் வீடு திரும்பியதும் சார்ஜில் போடப்படும் வாகனங்களாலும் நள்ளிரவு வரை இறங்கவில்லை. டிரான்ஸ்பார்மர்கள் திணறின. மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை வாகனங்களை சார்ஜ் செய்ய வேண்டாம் என்று கேரள மின்வாரியம் கேட்டுக்கொண்டது.

வாரியம் வேண்டுகோளோடு நிற்கவில்லை. அதிக மின்சாரம் செலவிடும் வீடுகளுக்கு மாலை ஆறு முதல் பத்து வரை கட்டணம் கூடுதல். பொது சார்ஜிங் நிலையங்களில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை குறைந்த கட்டணம், மற்ற நேரத்தில் கூடுதல் கட்டணம் என்ற முறையும் 2025-ல் வந்தது. பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருப்பதுதான் காரணம். 2021-ல் கோழிக்கோட்டில் பரிசோதனையாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களில் ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் சார்ஜிங் வசதியை அமைத்ததும் இதே வாரியம்தான்.

பேட்டரியின் நலனும் வாரியத்தின் நலனும் இங்கே கைகோக்கின்றன. மாலையில் சூட்டோடு வந்து சேரும் காரை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும்படி நேரம் வைத்துவிட்டால், பேட்டரி ஆறியிருக்கும், மின்னழுத்தம் சீராக இருக்கும், விடியும்போதுதான் சார்ஜ் முடியும். நிறைந்த வயிற்றோடு இரவெல்லாம் கிடக்க வேண்டியதில்லை. கூரையில் சோலார் தகடு போட்டவர்களுக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் நண்பகல் இன்னும் நல்ல நேரம். வண்டி நிழலில் நிற்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பிளக் பாயின்ட்டில் கவனம்

பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டாரின் பாதுகாப்பை மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டிலேயே சார்ஜில் போட்டிருந்த புதிய மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்ததைத் தொடர்ந்து மத்திய அரசு பேட்டரிகளுக்கான சோதனை விதிகளைக் கடுமையாக்கியது. கார் பேட்டரிகளின் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஸ்கூட்டரைவிடப் பலமானவை. ஆனால் கார் பலமணி நேரம் தொடர்ந்து இழுக்கும் மின்சாரமும் அதிகம். வீட்டின் பழைய வயரிங் அதற்காகப் போடப்பட்டதல்ல.

காருக்கென்று தனி வயர், தனி எம்.சி.பி., கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். இவை நான்கும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். ஸ்கூட்டரும் வைத்திருப்பவர்கள் அதை வாசற்படிக்கு உள்ளேயோ, வெளியேறும் வழியை மறித்தோ சார்ஜில் போடக் கூடாது. ஐப்பசியில் இடி மின்னலுடன் துலாவர்ஷம் கொட்டும் மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிடுவது எல்லைக் கிராமங்களில் டி.வி.-க்குக் கடைப்பிடிக்கும் அதே முன்ஜாக்கிரதைதான்.

வளைகுடாக்காரரின் கார்

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கேள்வி: ஊருக்கு வந்த லீவில் கார் வாங்கிவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள் என்ன செய்வது? பெட்ரோல் காராக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம். மின்சார காரை நூறு சதவிகிதம் நிறைத்து மூடி வைத்துவிட்டுப் போவதுதான் பலர் 'பத்திரம்' என்று நினைப்பது. பேட்டரியைப் பொறுத்தவரை அதைவிடக் கெட்ட யோசனை, காலியாக விட்டுப் போவது மட்டுமே.

மாதக்கணக்கில் நிற்கப்போகும் காருக்கு ஐம்பது சதவிகிதத்தை ஒட்டிய சார்ஜ், நிழலான இடம், மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்க ஒரு ஆள். இவ்வளவு போதும். முப்பதுக்குக் கீழே போயிருந்தால் மறுபடி ஐம்பதுக்கு ஏற்றிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், நீண்ட நாள் நின்ற மின்சார கார் கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் குற்றவாளி பெரிய பேட்டரி அல்ல. கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்காகப் பல கார்களில் இன்னும் இருக்கும் சின்ன 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிதான். அதற்கு மட்டும் இன்வெர்ட்டர் பாடம் இன்றும் செல்லும்: நிறைவாக வைத்திருக்க வேண்டும். அதைக் கழற்றலாமா, சார்ஜர் மாட்டலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறுமைக்குக் கிடைக்கும் லாபம்

கார்களின் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த காலத்துக்குள் கொள்ளளவு குறிப்பிட்ட சதவிகிதத்துக்குக் கீழே போனால் கம்பெனி பொறுப்பேற்கும். அந்த அளவு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; வாங்கும்போதே எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் ஆறாலும்மூட்டில் பிறந்த ஆட்டோவோ, செங்கல்லில் கடனில் வாங்கிய காரோ எட்டு ஆண்டோடு ஓய்வு பெறுவதற்காக வாங்கப்படுவதில்லை. ஒன்பதாவது வருடத்தில் கடன் முடிந்த காரில்தான் உண்மையான லாபம் தொடங்குகிறது. பழைய கார் சந்தையிலும் இனி முதல் கேள்வி 'எத்தனை கிலோமீட்டர் ஓடியது' என்பதாக இருக்காது. 'பேட்டரி எத்தனை சதவிகிதம் மிச்சம்' என்பதாகத்தான் இருக்கும். சர்வீஸ் சென்டரில் ஆண்டுக்கு ஒரு முறை அந்த அளவை எழுதி வாங்கி வைத்திருப்பவரின் காருக்கு நல்ல விலை கிடைக்கும்.

பெட்ரோல் பங்க்கில் 'ஃபுல் டேங்க்' என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருந்தது. மின்சார காரில் அந்த கௌரவத்தை விட்டுக்கொடுப்பவருக்குத்தான் மிச்சம்.

கவனத்தில் வைக்க

• அன்றாட ஓட்டத்துக்கு எண்பது வரை. இருபதுக்குக் கீழே இறங்கும் முன் பிளக்கில் போடவும்.
• எல்.எஃப்.பி. பேட்டரி என்றால் கையேடு சொல்லும் இடைவெளியில் ஒரு முறை நூறு வரை; ஏற்றிய கையோடு ஓட்டவும்.
• வெயிலில் நிறைந்த பேட்டரியோடு நிறுத்த வேண்டாம். சூடான வண்டியை ஆறவிட்டு ஏற்றவும்.
• வேக சார்ஜர் பயணத்தின்போது மட்டும். அங்கேயும் எண்பதோடு போதும்.
• மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை தவிர்க்கவும்.
• மாதக்கணக்கில் நிறுத்தினால் ஐம்பது சதவிகிதம், நிழல். 12 வோல்ட் பேட்டரியையும் கவனிக்கவும்.